எட்டாம் எண் நகவுளிகள் இரண்டு

மரச் செதுக்கு வேலைக்காக நான் முதலில் வாங்கிய, வெட்டும் வாய் நகம்போல் வளைந்த நகவுளிகள் இரண்டிலும் 8 என்ற எண்ணே பொறிக்கப்பட்டிருந்தது. ஒன்றின் வாய் 10 மில்லிமீட்டர் அகலம். மற்றொன்றின் வாய் 20. எண் ஒன்றாக இருப்பதால் வளைவும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்பி, சின்ன உளியால் தொடங்கிய பூவிதழின் விளிம்பைப் பெரிய உளியால் தொடர்ந்தேன். இரண்டு வெட்டுகளும் சந்தித்த இடத்தில் இதழ் முழங்கையைப் போல் மடங்கி நின்றது.

பிறகுதான் விளங்கியது. அந்த எண், வாயின் வளைவு ஒரு முழு வட்டத்தில் எவ்வளவு பங்கு என்பதைக் காட்டுகிறதே தவிர, வட்டம் எவ்வளவு பெரியது என்பதைச் சொல்வதில்லை. அகலத்தையும் சேர்த்துப் படித்தால்தான் வட்டம் தெரியவரும். 9ஆம் எண் ஏறத்தாழ அரைவட்டம் என்பதால், 10 மி.மீ. அகலமுள்ள உளி 10 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தையும், 20 மி.மீ. உளி அதைப்போல் இரு மடங்கு வட்டத்தையும் வெட்டும்.

இதைக் கையால் அறிந்துகொள்ள எளிய வழி உண்டு. வீணான பலகை ஒன்றில் உளியைச் செங்குத்தாக நிறுத்திக் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டி, பதிந்த தடத்தின் ஒரு முனையில் வாயின் மூலையை வைத்து மறுபடி தட்டி, வட்டம் மூடும்வரை இப்படியே சுற்றிவர வேண்டும். ஆறு தடங்களில் வட்டம் மூடினால், வாயின் அகலமும் வட்டத்தின் ஆரமும் சமம். அதற்கும் குறைவான தடங்களில் மூடினால் வளைவு ஆழமானது; கூடுதலாக வேண்டியிருந்தால் தட்டையானது. செய்பவருக்குச் செய்பவர் வளைவு சற்று மாறுவதால், எண்ணைவிட இந்தத் தடத்தையே நான் நம்புகிறேன்.

இந்த எண் வரிசை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து உளி வணிகத்திலிருந்து வந்தது. 1 நேர்வாய்த் தட்டையுளி, 2 சாய்வாய் உளி. 3 முதல் 9 வரை வளைவு படிப்படியாக ஆழமாகும். 10, 11 இரண்டும் பக்கங்கள் உயர்ந்த குடைவு உளிகள். குழப்பம் வளைதண்டு உளிகளில்தான் தொடங்குகிறது. ஆங்கிலேய வரிசையில் தண்டு நெடுக வளைந்தவற்றுக்கு 12 முதல் 20 வரையும், நுனியில் மட்டும் கரண்டிபோல் வளைந்த நகவுளிகளுக்கு 24 முதல் 32 வரையும் தனி எண்கள் உண்டு. சுவிஸ் முறையிலோ வளைவின் எண் மாறாது, தண்டின் வடிவத்துக்கு ஓர் எழுத்து மட்டும் சேரும். ஆகவே 12 என்பது ஆங்கிலேய முறையில் 3ஆம் எண்ணின் வளைதண்டு உளி, சுவிஸ் முறையில் 60 பாகை கொண்ட ‘வி’ வடிவ உளி. எந்த முறை என்று கேட்காமல் வாங்குவது வீண்செலவு.

குழிவான பரப்பை மழிக்கும்போது, அந்தக் குழிவைவிடச் சற்றே கூடுதலாக வளைந்த உளியை எடுக்க வேண்டும். தட்டையானதை எடுத்தால் வாயின் இரு மூலைகளும் மரத்துக்குள் புதைந்து, இழைகளைக் கிழித்து, இருபுறமும் கீறல் விடும். மேடான பரப்புக்கு உளியைக் கவிழ்த்துப் பிடிக்கும்போது கணக்கு தலைகீழாகும்: மேட்டைவிடத் தட்டையான வளைவே மூலை குத்தாமல் ஓடும். முதல் உளி ஒன்றுதான் வாங்க முடியும் என்பவருக்கு, பரப்பைச் சமன்செய்வதிலும் விளிம்பைச் சீவுவதிலும் அதிகம் உழைக்கும் 3ஆம் எண்ணையே சொல்வேன். கடைக்காரர்கள் விற்கும் பன்னிரண்டு உளித் தொகுப்பில் பாதி துருப்பிடிக்கவே வருகிறது.

இப்போது என்னிடமுள்ள ஒவ்வோர் உளியின் வாயையும் மைத்திண்டில் ஒற்றி ஏடு ஒன்றில் பதித்து, பக்கத்தில் எண்ணும் அகலமும் எழுதிவைத்திருக்கிறேன். வரைந்த படத்தை அதன்மீது வைத்துப் பார்ப்பேன். எந்தத் தடமும் பொருந்தாத வளைவு படத்தில் இருந்தால், புது உளி தேடுவதற்கு முன் படத்தின் வளைவையே சற்று மாற்றுகிறேன். பெரும்பாலும் அதுவே போதுமானதாக இருக்கிறது.