ஹோம் கேர் வேலைச் செலவுகள்: ஏ.டி.ஓ. ஆதாரம் கேட்டபோது எது நிலைத்தது, எது போனது

ஆஸ்திரேலியாவில் வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனிக்கும் வேலை. 2024–25 வரி ரிட்டர்னில் போட்ட வேலைச் செலவுகளுக்கு ஆதாரம் அனுப்பச் சொல்லி ஏ.டி.ஓ.விடமிருந்து (ஆஸ்திரேலிய வரி அலுவலகம்) கடிதம் வந்தது. கார்க் கணக்கை முழுசாக ஏற்றுக்கொண்டார்கள். போன் கணக்கைத் தள்ளிவிட்டார்கள். அந்த 264 டாலர் இன்னும் உறுத்துகிறது.

ஏ.டி.ஓ.வின் ஆன்லைன் படிவமான மைடாக்ஸில் நிரப்புவது அரை மணி நேர வேலை. ஜூலைக் கடைசிக்குள் சம்பள விவரம் தானாகவே வந்துவிடும். சிக்கல் முழுக்க, வேலைச் செலவை வருமானத்திலிருந்து கழிக்கக் கேட்கும் கழிவுப் பகுதியில்தான்.

முதலில் கார். வீட்டிலிருந்து முதல் கிளையன்ட் வீடு வரை, கடைசி கிளையன்ட் வீட்டிலிருந்து நம் வீடு வரை, இரண்டும் கிடையாது. நடுவில் ஒரு கிளையன்டிடமிருந்து அடுத்தவரிடம் போகிற தூரம் மட்டும்தான் கணக்கு. 2024–25-க்கு ஏ.டி.ஓ. வைத்த விகிதம் கிலோமீட்டருக்கு 88 சென்ட், வருஷத்துக்கு ஒரு காருக்கு 5,000 கிலோமீட்டர் வரை. நாளுக்கு 18 கிலோமீட்டர், வாரம் 4 நாள், 46 வாரம் என்றால் 3,312 கிலோமீட்டர், கழிவு 2,914.56 டாலர். பெட்ரோல், ரெஜோ (கார் பதிவுக் கட்டணம்), இன்ஷூரன்ஸ் எல்லாம் அந்த 88 சென்டுக்குள்ளேயே அடங்கும், தனியாகப் போடக்கூடாது.

இதற்கு ரசீது வேண்டாம் என்பது உண்மை. ஆனால் 3,312 எப்படி வந்தது என்று காட்டியாக வேண்டும். ரோஸ்டரில் (வேலை நேரப் பட்டியல்) வெறும் நேரம்தான் இருந்தது, எந்த ஊர் என்று இல்லை. கார் டாஷ்போர்டில் வைத்திருந்த சின்ன நோட்டுதான் காப்பாற்றியது: தேதி, எந்த சபர்பிலிருந்து எந்த சபர்புக்கு, எத்தனை கிலோமீட்டர். ஒரு நாளுக்கு ஒரு வரி, அவ்வளவுதான்.

கூடவே வேலையிடத்திலிருந்து ஒரு கடிதமும் கேட்டிருந்தேன். பே ரோல் ஆபீஸ் மூன்று வாரம் இழுத்தடித்தது. வந்த கடிதத்தில் ‘சொந்தக் கார் வைத்திருக்கிறார்’ என்று ஒரே ஒரு வரி. அது எதற்கும் உதவாது. கேட்கும்போதே மூன்று விஷயம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்: கிளையன்ட்களுக்கு இடையே சொந்தக் காரில் போவது வேலையின் பகுதி, அதற்கு அலவன்ஸ் கொடுக்கிறார்களா, செலவைத் திருப்பித் தருகிறார்களா. இந்த மூன்றாவதுக்கு ‘ஆம்’ என்றால் அந்தச் செலவைக் கழிக்கவே முடியாது. அலவன்ஸ் அப்படியில்லை. அதை வருமானமாகக் காட்டிவிட்டு, உண்மையான தூரத்துக்குக் கழிவு கேட்கலாம். அலவன்ஸ் வாங்கியாச்சு, இனி கேட்க முடியாது என்று நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.

இனி போன். கேஸ் நோட் (கிளையன்ட் பற்றிய குறிப்பு) எழுத வாரம் 3 மணி நேரம் வீட்டில் வேலை. 46 வாரத்துக்கு 138 மணி, வீட்டு வேலை நேரத்துக்கு ஏ.டி.ஓ. வைத்த நிலையான விகிதமான மணிக்கு 70 சென்ட் வீதம் 96.60 டாலர். அதோடு மாதம் 60 டாலர் போன் பில்லில் 11 மாதத்துக்கு 40 சதவீதம், 264 டாலர் தனியாகப் போட்டேன். தப்பு. அந்த 70 சென்டுக்குள் மின்சாரம், இன்டர்நெட், ஸ்டேஷனரியோடு போனும் அடக்கம், வெளியில் நடந்துகொண்டே பேசியதும் சேர்த்து. 70 சென்ட் முறையை விட்டு உண்மைச் செலவு முறையில் போனை மட்டும் போட்டிருந்தால் 264 கிடைத்திருக்கும். அதற்கு 4 வாரம் வேலை அழைப்பு, சொந்த அழைப்பு பிரித்துக் குறித்த பதிவு வேண்டும். அது என்னிடம் இல்லை. நம்மைப் போல வீட்டில் குறைவாகவும் ரோட்டில் அதிகமாகவும் போன் பயன்படுத்துகிறவர்கள் இரண்டு முறையிலும் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றைப் பிடியுங்கள். 70 சென்ட் முறைக்கும் வருஷம் முழுக்க வீட்டில் உழைத்த மணிக்கணக்கு இருக்கணும். 4 வாரத்தை வைத்துப் பெருக்கினால் செல்லாது.

துணி துவைப்பு தொல்லையில்லை: லோகோ போட்ட யூனிஃபார்ம், தனியாகத் துவைத்தால் லோடுக்கு 1 டாலர், வீட்டுத் துணியோடு என்றால் 50 சென்ட். சாதாரணக் கறுப்புப் பேன்ட் கிடையாது, வேலைக்கு மட்டுமே போட்டாலும்.

‘300 டாலர் வரை ரசீது வேண்டாம்’ என்று எல்லாரும் சொல்வார்கள். கார்க் கிலோமீட்டர் அதில் சேராது. மற்றச் செலவு 301 ஆனால் அந்த ஒரு டாலருக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் ஆதாரம் வேண்டும். 300-க்குள் இருந்தாலும் உண்மையில் செலவழித்திருக்கணும்.

பேங்க் ஸ்டேட்மென்ட் மட்டும் போதாது. என்ன வாங்கினோம் என்று அதில் இருக்காது. க்ளவுஸ் வாங்கிய ரசீதை ஜனவரியில் எடுத்தால் வெறும் வெள்ளைத் தாள், கடைப் பெயர்கூட மங்கிப்போயிருந்தது. வாங்கிய அன்றே போட்டோ எடுத்து, ரிட்டர்ன் போட்ட நாளிலிருந்து 5 வருஷம் வைத்திருங்கள். ரோஸ்டரையும் மாதாமாதம் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வேலையை விட்டால் அந்த ஆப் லாகின் மூடிவிடும், பிறகு கேட்டு வாங்குவது பெரும்பாடு.