வடகடல் படகு தென்கடலில்: க்யூஎமுவில் சிக்கிய பிழை

விசைப்படகுக்கான கடல் எல்லை எச்சரிக்கைப் பெட்டி. உள்ளே 64-பிட் ஆர்ம் போர்டு, பில்ட்ரூட்டில் (சிறு கருவிகளுக்கு லினக்ஸ் கட்டித் தரும் தொகுப்பு) கட்டிய லினக்ஸ். பாம்பன் உப்புக்காற்றில் எஸ்டி கார்டைக் கழற்றிக் கழற்றி மாட்டினால் முனைகள் களிம்பேறிவிடும். அதனால் முதல் சோதனைகள் எல்லாமே லேப்டாப்பில், போர்டைப் போலவே நடிக்கும் க்யூஎமு என்ற மென்பொருளில்தான்.

பில்ட்ரூட்டில் க்யூஎமுவின் 'விர்ட்' என்ற கற்பனை போர்டுக்கென்றே ஆயத்த அமைப்பு உண்டு. அதில் நம் நிரலைச் சேர்த்து 'மேக்' கொடுத்தால் கர்னல் (லினக்ஸின் மையக்கரு), ரூட் ஃபைல்சிஸ்டம் (கோப்புகள் அடங்கிய வட்டுப் பிம்பம்) இரண்டும் கிடைக்கும். திரை அசையாமல் நின்றால் கர்னல் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் கர்னல் செய்திகள் வந்து விழும் கன்சோலின் பெயர்தான் தப்பு. இங்கே டிடிஒய்எஸ்0 அல்ல, டிடிஒய்ஏஎம்ஏ0. ரூட்டை மவுண்ட் செய்ய முடியவில்லை என்று கர்னல் பேனிக் ஆகி நின்றால், க்யூஎமுவின் வட்டைப் படிக்கும் விர்ட்டையோ பிளாக் டிரைவரைத் தனி மாட்யூலாக விட்டிருப்பீர்கள். அதைக் கர்னலுக்குள்ளேயே வைக்க வேண்டும். பிங் போகவில்லை என்று நெட்வொர்க்கை நோண்ட வேண்டாம், க்யூஎமுவின் யூசர் மோட் நெட்வொர்க்கில் அது பெரும்பாலும் அப்படித்தான்.

ஜிபிஎஸ் வரிகளை லேப்டாப்பிலிருந்து டிசிபி வழியாக அனுப்பினோம். உள்ளிருந்து பார்த்தால் லேப்டாப்பின் முகவரி 10.0.2.2. இதில் ஒரு சூது உண்டு. டிசிபியில் வரி பெரும்பாலும் முழுசாக வந்து விழும். ஜிபிஎஸ்ஸை போர்டில் இணைக்கும் நிஜ சீரியல் கம்பியில் வேகம் 4800 பாட் என்றால் நொடிக்கு 480 எழுத்துதான், வரி துண்டு துண்டாக வரும். ஆகவே பத்துப் பத்து பைட்டாக, இடைவெளி விட்டு அனுப்ப வேண்டும்.

அப்படி 0922.00 வடக்கு, 07924.00 கிழக்கு என்று அனுப்பியபோதுதான் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) படகு தென்கடலில் (மன்னார் வளைகுடாப் பக்கம்) போய் நின்றது. அந்த எண் 9 டிகிரி 22 நிமிடம். நிமிடத்தை 60-ஆல் வகுத்துச் சேர்த்தால் 9.3667 டிகிரி. நிரலோ 100-ஆல் வகுத்து 9.22 என்று எடுத்துக்கொண்டது. தெற்கே சுமார் 16 கி.மீ., மேற்கே 17 கி.மீ.க்கு மேல் பிசகு. இந்தப் பிழை எப்போதும் தெற்கும் மேற்குமாகத்தான் தள்ளும். இந்திய-இலங்கை எல்லைக்கோடோ நமக்குக் கிழக்கே. அதாவது படகு கோட்டைத் தாண்டிய பிறகும் பெட்டி வாய் திறக்காது. அந்தக் கோட்டை வரையறுக்கும் 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தப் புள்ளிகளை மட்டும் சரியாக மாற்றியிருந்தோம், அதுதான் வேடிக்கை. நிமிடத்தை 00 என்று வைத்துச் சோதித்தால் இது கண்ணிலேயே படாது.

அடுத்து மின்வெட்டு. இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது பேட்டரி வோல்டேஜ் சட்டென்று இறங்கி போர்டு ரீபூட் ஆகும். அதற்கு ஈடாக, கோப்பு எழுதும் நேரத்தில் க்யூஎமுவை 'கில் -9' கட்டளையால் சட்டென்று நிறுத்தினோம். அமைப்புக் கோப்பு 0 பைட்டாகக் கிடந்தது. தற்காலிகக் கோப்பில் எழுதி, எஃப்சிங்க் செய்து (வட்டில் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து), பிறகு பெயர் மாற்றியதும் சரியானது. ஆனால் க்யூஎமு எழுதியது லேப்டாப்பின் நினைவகத்தில் பத்திரமாக இருக்கும்; கார்டுக்குள் ஏற்படும் சேதம் இதில் தெரியாது. அதை நிஜ போர்டில் ரிலே வைத்துக் கரண்டை வெட்டித்தான் பார்க்க வேண்டும். எச்சரிக்கை ஒலி தரும் பஸ்ஸர் பின்னையும் நிஜ போர்டில்தான் சோதிக்க வேண்டும்.