அம்மாவின் ‘நோ’வும் தம்பியின் ‘இன்னிட்’டும்: ஏ லெவலில் ஆங்கில மொழி படித்த அனுபவம்

கிழக்கு லண்டனில் பதினாறு வயதில், பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளான சிக்ஸ்த் ஃபார்ம் சேர்ந்தபோது, பிழையில்லாமல் அழகாக எழுதக் கற்றுத்தரும் பாடம் என்று நினைத்தே ஆங்கில மொழியை, அதன் முடிவில் எழுதும் ஏ லெவல் தேர்வுக்கு எடுத்தேன். முதல் வாரமே அந்த எண்ணம் கலைந்தது. மூன்று வயதுக் குழந்தையின் பேச்சைத் தாளில் எழுதிக் கொடுத்த ஆசிரியை, அதில் என்ன பிழை என்று கேட்கவில்லை. குழந்தை எந்த விதியைப் பின்பற்றுகிறது என்று கேட்டார். ‘ரன்’ (ஓடு) என்ற வினையின் இறந்தகாலத்தை ‘ரேன்’ என்பதற்குப் பதிலாக ‘ரன்ட்’ என்று சொல்லும் குழந்தை அதைப் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்வதில்லை, தானே விதியைக் கண்டுபிடித்துச் சொல்கிறது. 1958இல் ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர், ‘வக்’ என்ற இல்லாத பெயரை ஒரு படத்துக்கு இட்டு, இரண்டு இருந்தால் என்ன சொல்வாய் என்று பிள்ளைகளைக் கேட்டு, அவர்கள் ‘வக்ஸ்’ என்று தாமே பன்மையாக்கியதை வைத்து இதைத்தான் காட்டினார் என்று படித்தபோது, இந்தப் பாடத்தின் மேல் எனக்கு உண்மையான பற்று பிறந்தது.

இருந்தும் முதல் பருவத்தில் என் கட்டுரைகளுக்குக் குறைந்த மதிப்பெண்களே கிடைத்தன. ஒரு விளம்பரத்தைக் கொடுத்தால், பெயரடை எத்தனை, கட்டளை வினை எத்தனை என்று பட்டியலிட்டுவிட்டு நிறுத்திவிடுவேன். யார், யாரிடம், எந்த உறவை ஏற்படுத்திக்கொள்வதற்காக இந்தச் சொல்லைத் தேர்ந்தார் என்ற கேள்விக்குப் பதில் எழுதப் பழக ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று.

எங்கள் பாடத்திட்டம் ஏ.க்யூ.ஏ. என்ற தேர்வு வாரியத்தினுடையது: இரண்டரை மணி நேரத் தாள்கள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 40 சதவீதம், மீதி 20 சதவீதம் நாமே செய்யும் பணிக்கு. அந்தப் பணியின் பெரும்பகுதி, தரவுகள் நீங்கலாக 2,000 சொற்களில் எழுதும் மொழி ஆய்வு. இரண்டு ஆண்டுகளில் நான் மிகவும் விரும்பிச் செய்தது அதுதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் அம்மா, ஆங்கில வாக்கியங்களை ‘நோ’ என்று கேட்டு முடிப்பார்: ‘யூ ஆர் ஹங்க்ரி, நோ?’ தோழிகள் முன்னால் அதைக் கேட்டு நான் கூசியதுண்டு. அதே அம்மா, தம்பி ‘இஸன்ட் இட்’ என்பதைச் சுருக்கி ‘இன்னிட்’ என்று முடித்தால் கண்டிப்பார். சாப்பாட்டு மேசைப் பேச்சை அவர்களின் சம்மதத்தோடு பதிவு செய்து, பெயர்களை மாற்றி, எழுத்தில் பெயர்க்கத் தொடங்கினேன். பேச்சில் முற்றுப்புள்ளி இல்லை என்பதால் இடைவெளிகளை நொடிக்கணக்கில் அடைப்புக்குறிக்குள் குறிக்க வேண்டும். ஒரு நிமிடப் பேச்சுக்கு ஒரு மணி நேரம் போனது. அப்போதுதான் அம்மாவின் ‘நோ’வும் தம்பியின் ‘இன்னிட்’டும் ஒரே வேலையைச் செய்வது தெரிந்தது. பொது ஆங்கிலத்தில் வாக்கியத்தின் முடிவில் ஒட்டும் இந்தக் கேள்வி வால் வினைக்கேற்ப ‘டோன்ட் தே’, ‘கான்ட் யூ’ என்று மாறிக்கொண்டே இருக்கும். ‘நோ’வும் ‘இன்னிட்’டும் எதற்குப் பின்னாலும் மாறாமல் நிற்கும், நம் ‘இல்லையா’வைப் போல. ஜெனி செஷயர், பால் கெர்ஸ்வில் முதலான மொழியியலாளர்கள் பல பண்பாட்டு லண்டன் ஆங்கிலம் என்று பெயரிட்டு ஆராய்ந்த பேச்சு, என் தம்பியின் வாயில் அன்றாடம் இருந்தது.

அமெரிக்காவின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவின் மீனவர்கள், கோடை விருந்தினரிடமிருந்து தங்களைப் பிரித்துக் காட்டும் வகையில் உயிரொலிகளை ஒலித்தனர் என்று மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1963இல் எழுதியதை, இதன் பிறகே மனதாரப் புரிந்துகொண்டேன். அதுவரை அது தேர்வுக்காக மனப்பாடம் செய்த ஒரு பெயரும் ஆண்டும் மட்டுமே. இந்தப் பாடத்தை எடுக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, ஆய்வுத் தலைப்பை இணையத்தில் தேடாமல் வீட்டிலும் பேருந்திலும் காது கொடுத்துத் தேடுங்கள் என்பதைத்தான்.

ஆய்வை ஒப்படைத்த அன்று அம்மாவுக்கு ஒரு பிரதி கொடுத்தேன். அவர் தம் பேச்சு இருந்த பக்கத்தை நிதானமாக வாசித்து, அடைப்புக்குறிக்குள் இருந்த 2.0 என்ற எண்ணில் விரல் வைத்து, இது என்ன என்று கேட்டார். ஆங்கிலச் சொல் வராமல் நீங்கள் நிறுத்திய இரண்டு நொடி என்றேன். அந்தச் சொல் எது என்பதை அவர் அப்போது தமிழில் சொன்னார். நான் பிரதியின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்.