பவர்ஷெல்லில் நெல் வரவை ஒழுங்காகப் பார்க்க நான் பட்ட பாடு

விண்டோஸில் கட்டளை எழுதி வேலை வாங்கும் கருவி பவர்ஷெல். அதில், தகவலைத் திரையில் அட்டவணையாகக் காட்டும் ஃபார்மட்-டேபிள் கட்டளையை ஃபங்ஷனுக்குள்ளேயே எழுதி யாராவது ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு) தந்தால் வாங்காதீர்கள். நீடாமங்கலம் பக்கம் எங்கள் அரிசி ஆலைக்கு ஒருவர் அப்படித்தான் எழுதித் தந்தார். எடைமேடையின் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த தகவல் கோப்பு) படித்து, நெல் வரவைத் திரையில் அழகாகக் காட்டியது. தணிக்கையாளருக்கு அனுப்ப, அதைக் கோப்பாகச் சேமிக்கும் எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி கொடுத்தபோதுதான் வயிறு எரிந்தது. விவசாயி பெயர் இல்லை, மூட்டைக் கணக்கு இல்லை. 'பேஜ்ஹெடர்என்ட்ரி', 'ஷேப்இன்ஃபோ' என்று புரியாத தலைப்புகள். கேட்டால், "எக்ஸெலில் திறந்து சரிசெய்துகொள்ளுங்கள் சார்" என்கிறார். எதைச் சரிசெய்வது? ஃபார்மட்-டேபிளைத் தாண்டி வருவது கணக்கே அல்ல, திரையில் எப்படி எழுத வேண்டும் என்ற குறிப்புகள்தான். சம்பா அறுவடை உச்சத்தில், வாசலில் லாரிகள் நிற்கும்போது இந்தக் கூத்து.

அந்த வரியை நீக்கியதும் கணக்கு திரும்பி வந்தது. ஆனால் திரை கெட்டது. ஆப்ஜெக்ட்டில், அதாவது ஒரு வரவின் தகவல் தொகுப்பில், 4 பண்புகள் (தகவல் புலங்கள்) வரை இருந்தால்தான் பவர்ஷெல் தானாக அட்டவணை போடும். 5 ஆனாலே ஒன்றின்கீழ் ஒன்றாகப் பட்டியலாகிவிடும். எங்களுக்கு ரசீது, ரகம், மூட்டை, எடை, ஈரம், ஊர், பெயர் என்று நீள்கிறது.

இதற்கு வழி, ஆப்ஜெக்ட்டுக்கு 'பிஎஸ்டைப்நேம்' மூலம் ஒரு வகைப்பெயர் வைப்பது. பிறகு அந்த வகைக்கு அமைப்பு சொல்லும் அப்டேட்-டைப்டேட்டா கட்டளையில் 'டிஃபால்ட்டிஸ்ப்ளேபிராப்பர்ட்டிசெட்' என்று கொடுத்து, காட்ட வேண்டிய 4 பண்புகளைச் சொன்னால் போதும். மற்றவை மறைந்திருக்குமே தவிர அழியாது. ஜன்னலை மூடாமல் அதே அமர்வில் மறுபடி ஓட்டினால் ஏற்கெனவே இருக்கிறது என்று பிழை காட்டும், 'ஃபோர்ஸ்' சேர்த்துவிடுங்கள்.

ஈரம் ஒரு தசமத்தோடு தெரிய இது போதாது. அதற்குத் தனியாக, காட்சி அமைப்பை எழுதிவைக்கும் 'ஃபார்மட்.பிஎஸ்1எக்ஸ்எம்எல்' கோப்பு வேண்டும். தலைப்புகளின் எண்ணிக்கையும் நெடுவரிசைகளின் எண்ணிக்கையும் ஒன்றாக இல்லாவிட்டால் ஏற்காது. டேகுகளில் (கோணக்குறிக்குள் எழுதும் சொற்களில்) பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் தகராறுதான். மின்னஞ்சலில் வந்த கோப்பு என்றால், எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம் என்று தீர்மானிக்கும் எக்சிகியூஷன் பாலிசி அதையும் ஸ்கிரிப்ட்போலவே தடுக்கக்கூடும். அந்தத் தடையை நீக்கும் அன்பிளாக்-ஃபைல் கொடுத்த பிறகே எனக்குக் கோப்பு ஏறியது. பவர்ஷெல்லின் சொந்தக் காட்சி அமைப்புக் கோப்பிலேயே கைவைக்கச் சொல்லும் ஆலோசனையும் வந்தது. தயவுசெய்து வேண்டாம். 5.1 பதிப்பில் அவை டிஜிட்டல் கையொப்பமிட்டவை. 7-இல் அப்படிப்பட்ட கோப்புகளே கிடையாது. உங்கள் கோப்பை அப்டேட்-ஃபார்மட்டேட்டாவால் ஏற்றுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஈரம் தசமத்துக்கு அடங்கவில்லை. சிஎஸ்வி கோப்பைப் படிக்கும் இம்போர்ட்-சிஎஸ்வி எல்லாவற்றையும் எழுத்துச் சரமாகத்தான் தருகிறது. எண் வடிவம் அதன்மேல் வேலை செய்யாது. இது காட்சிப் பிரச்சினை மட்டும் அல்ல. சரமாக ஒப்பிட்டால் 90 மூட்டை 100-ஐவிடப் பெரியதாகிவிடும்! மூட்டை, எடை, ஈரம் மூன்றையும் ஆப்ஜெக்ட் உருவாக்கும் இடத்திலேயே எண்ணாக மாற்றுங்கள். அரசுக் கொள்முதலின் வழக்கமான வரம்பான 17 சதவீத ஈரத்தை வைத்துப் பிரிப்பவர்களுக்கு இது மிக முக்கியம். பிறகு ஈரம் 17.4 என்று திரையில் வந்து நின்றபோது அத்தனை நிம்மதி.

தமிழில் தலைப்பு வைப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 5.1-இல் ஸ்கிரிப்ட்டை பிஓஎம் (கோப்பின் தொடக்கத்தில் வரும் அடையாளக் குறி) உள்ள யுடிஎஃப்-8 எழுத்துக் குறியீட்டில் சேமிக்காவிட்டால் தமிழ் சிதைந்துவிடும். 'மூட்டை' கண்ணுக்கு மூன்று எழுத்து. பவர்ஷெல் அதை ஆறாக எண்ணி, அதை வைத்தே இடத்தைக் கணக்கிடும். அதனால் ஊரும் பெயரும் நடுவில் இருந்தால் அவற்றுக்குப் பின் வரும் எண்கள் எல்லாம் கோணலாகும். எண்களை முன்னே வைத்து, தமிழ்ப் பெயர்களைக் கடைசி நெடுவரிசைகளுக்குத் தள்ளினேன், எண்கள் நேராகிவிட்டன.

இடையில் செலக்ட்-ஆப்ஜெக்ட் கொண்டு பண்புகளைப் பொறுக்கினால் வகைப்பெயர் கழன்று, அமைத்த காட்சியும் போய்விடும். வடிகட்டும் வேர்-ஆப்ஜெக்ட், வரிசைப்படுத்தும் சார்ட்-ஆப்ஜெக்ட் இரண்டாலும் அந்த ஆபத்து இல்லை. ஏற்றும் வரிகளை, பவர்ஷெல் திறக்கும்போதே ஓடும் புரொஃபைல் கோப்பில் எழுதிவையுங்கள். இல்லையென்றால் ஜன்னலை மூடியதும் எல்லாம் மறைந்துவிடும்.