கூரைக்குக் கீழே ஒரு துணி

காலையிலிருந்து ஒரு துணிதான் கண்ணுக்குள் ஆடிக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா சமவெளி. மரம் அரிது. புல்வேரோடு மண்ணை வெட்டி அடுக்கிய வீடுகள். கூரையிலிருந்து உதிரும் மண் சாப்பாட்டில் விழாமலிருக்க, பெண்கள் உள்ளே மெல்லிய துணியைக் கட்டினார்கள். அடுப்பில் விறகுக்குப் பதில் காய்ந்த சாணம்.

1930களின் பிற்பகுதியில், வேலையில்லாத் திண்டாட்ட காலத்தில், அரசு சம்பளம் கொடுத்து ஆட்களை அனுப்பியது. அந்த வீடுகளோடு ஊர் உருவான நாட்களை அங்கிருந்த பாட்டிகளிடம் கேட்டு, கையால் குறித்து, அப்புறம் தட்டச்சு செய்தார்கள். அந்தத் தாள்கள் இன்றும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன.

ரயில் வந்த வருடத்தை யாராவது எழுதிவிடுவார்கள். துணியை?

அதைக் கட்டியவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் உண்டு.

அதை எத்தனை நாளுக்கு ஒருமுறை அவிழ்த்து உதறினாள்? எனக்கு இன்னும் கேட்க வேண்டியிருக்கிறது.