பத்தடி அறைக்கு ஒரு ஸ்டீரியோ: பாளையங்கோட்டை நாட்குறிப்பு

ஜூன் 2, 2024

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு முன்னறை. 10 அடி அகலம், 14 அடி நீளம், மேல்தளம் 10 அடி உயரம். சிமெண்டுச் சுவர், டைல்ஸ் தரை. கையில் 30,000 ரூபாய். பாட்டு கேட்க மட்டும்தான், டிவிக்கு இல்லை.

கடைக்குப் போகும் முன்பே பணத்தைப் பிரித்துவிட வேண்டும். ஸ்பீக்கருக்கு 17,000, ரிசீவருக்கு (ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்த பெட்டி) 9,000, ஒயர், ஸ்டாண்டு வகைக்கு 4,000. சுமாரான ரிசீவருக்கும் நல்ல ரிசீவருக்கும் நடுவே காதுக்குத் தெரிகிற வித்தியாசம் கொஞ்சம்தான். ஸ்பீக்கர் மாறினால் பாடுகிறவர் குரலே மாறிப்போகும். இதே பணத்துக்கு ஆறு பெட்டி வைத்த ஹோம் தியேட்டரும் கிடைக்கும். ஆனால் 30,000-ஐ ஆறு பெட்டிக்குப் பங்கு போட்டால் எந்தப் பெட்டிக்கும் உருப்படியாக ஒன்றும் மிஞ்சாது.

ஜூன் 5

கடையில் "அண்ணாச்சி, இது அஞ்சாயிரம் வாட்டு" என்று எடுத்து வைப்பார்கள். அது பிஎம்பிஓ கணக்கு (ஒரு நொடி உச்சத்துக்குச் சொல்லும் வாட்), அதற்கு அளவுகோலே கிடையாது. பெட்டியைத் திருப்பிப் பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். மின்சாரம் 60 வாட் இழுக்கும் என்று போட்டிருந்தால், அதை வெகுவாகத் தாண்டி அது தொடர்ந்து கொடுக்கும் என்று நம்ப முடியாது. சாதாரண ஏபி வகை ஆம்ப்ளிஃபையரில் பாதிக்குக் கிட்டத்தட்ட சூடாகவே போய்விடும்.

நம்பத்தக்க கணக்கு இப்படி இருக்கும்: 8 ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை), இரண்டு சேனலும் ஒன்றாக ஓடும்போது, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, சிதைவு 1 சதவீதத்துக்குள், இத்தனை வாட் ஆர்எம்எஸ் (விடாமல் கொடுக்கும் சக்தி). 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், சிதைவு 10 சதவீதம் என்று எழுதியிருந்தால் அந்த எண்ணில் ஏறக்குறையப் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

இந்த அறைக்கு எவ்வளவு வேண்டும்? ஸ்பீக்கர் அட்டையில் சென்சிடிவிட்டி 86 டெசிபல் என்று இருந்தால், 1 வாட்டுக்கு 1 மீட்டர் தூரத்தில் 86 வரும். இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 8 குறையும். ஸ்பீக்கர் இரண்டு, சுவரின் எதிரொலி, இரண்டும் சேர்ந்து 4, 5 திரும்ப வரும். ஆக 82 சொச்சம். தவில் ஓங்கி விழும் அந்த நொடிக்கு 95 வேண்டும் என்றால் இன்னும் 13 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் வாட் இரட்டிக்கும். 13-க்கு 20 வாட். பக்கத்துக்கு 30 வாட் சுத்தமாக வந்தால் தாராளம்.

கோயில் கொடைக்கு மரத்தில் கட்டுகிற கூம்பு ஸ்பீக்கர் 1 வாட்டுக்கு 100 டெசிபலைத் தாண்டும். அதனால்தான் சின்ன ஆம்ப்ளிஃபையரை வைத்தே அடுத்த ஊருக்குக் கேட்க வைக்கிறார்கள். அடித்தொனி அதில் கிடையாது. வீட்டு ஸ்பீக்கர் அடித்தொனிக்காகச் சத்தத்தை விட்டுக்கொடுக்கிறது.

ஜூன் 9

இன்றைக்கு முழுக்க அறைதான். ஸ்பீக்கரைத் தேர்வு செய்வதே இந்த அறைதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒரு குறிப்பிட்ட தொனி மாட்டிக்கொண்டு வீங்கும். ஒலியின் வேகத்தைச் சுவர் இடைவெளியின் இரு மடங்கால் வகுத்தால் அந்தத் தொனி கிடைக்கும். நம் ஊர் வெக்கையில், 30 டிகிரியில், ஒலி விநாடிக்கு 349 மீட்டர் போகும். 14 அடி என்பது 4.27 மீட்டர், அதற்கு 41 ஹெர்ட்ஸ். 10 அடிக்கு 57 ஹெர்ட்ஸ். இங்கே அகலமும் 10, உயரமும் 10. அதனால் 57 இரண்டு மடங்காக வீங்கும். பேஸ் கிதாரின் ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ். அந்தக் கம்பியைத் தொடும்போதெல்லாம் பீரோ கதவு அதிரும், அடுத்த சுரத்தில் சத்தமே அடங்கிப்போகும். பத்துக்குப் பத்து அறையாக இருந்தால் மூன்று பக்கமும் அதே 57. இந்தக் குறைக்கு எந்த விலை ஸ்பீக்கரும் மருந்தாகாது.

பாய் விரித்தால் அடங்காதா? பத்தமடைப் பாய் தரையிலிருந்து எழும்பும் கூர்மையான ஒலியைக் கொஞ்சம் உறிஞ்சும், அவ்வளவுதான். 57 ஹெர்ட்ஸின் அலைநீளம் 6 மீட்டர், அதன் முன்னால் பாயின் கனம் ஒன்றுமே இல்லை. இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி இரண்டு மூலையிலும் நிறுத்தினால் 150-க்கு மேலே நன்றாக அடங்கும், குரல் தெளியும். அதற்குக் கீழே அதன் ஜம்பம் பலிக்காது.

ஆகவே, 8 அங்குல வூஃபர் (அடித்தொனி தரும் பெரிய கூம்பு) வைத்த டவர் ஸ்பீக்கர், அதாவது தரையில் நிற்கும் உயரப் பெட்டி, இந்த அறைக்கு ஆகாது. 5 அல்லது 6 அங்குல வூஃபர் உள்ள புக்ஷெல்ஃப் (சின்னப் பெட்டி) போதும். அதிலும் துளை இல்லாத மூடிய பெட்டி, அல்லது துளையை ஸ்பாஞ்ச் வைத்து அடைக்க இடம் தருகிற பெட்டி. அது 60-க்குக் கீழே மெல்ல இறங்கும், இறங்குகிற இடத்தில் அறை தூக்கிவிடும்.

ஜூன் 10

ஓம்ஸ். ரிசீவரின் பின்னால் "6 ஓம் முதல் 16 வரை" என்று இருந்தால் 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டக் கூடாது. ஏ, பி என்று இரண்டு ஜோடி மாட்டி இரண்டையும் போட்டால், பெரும்பாலான ரிசீவரில் 8 ஓம் 4 ஆகிவிடும். சத்தம் கூட்டினால் சூடேறி, ரிலே (ஸ்பீக்கரை இணைத்துத் துண்டிக்கும் உள் சுவிட்ச்) 'டக்' என்று விழும்.

ஜூன் 15

9,000-க்குப் புது ரிசீவர் கஷ்டம். பழசு பார்க்கலாம். வளைகுடாவில் இருந்தவர்கள் கொண்டுவந்த செட்டுகள் இந்தப் பக்கத்து வீடுகளில் நிறைய உண்டு.

முதலில் வோல்டேஜ். பின்னால் 110, 120, 220, 240 என்று திருகு இருந்தால் 240-இல் நிற்கிறதா என்று பாருங்கள். 110-இல் இருக்கும்போது நம் 230-ஐக் கொடுத்தால் போச்சு. அமெரிக்கச் செட்டு 120 வோல்ட். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தனியாக வேண்டும். அதோடு டிஜிட்டல் டியூனர் என்றால் மீடியம் வேவில் 10, 10 கிலோஹெர்ட்ஸாகத் தாவும், நமக்கு 9. திருநெல்வேலி வானொலி 1197. அந்தச் செட்டு 1190-இல் நிற்கும், அடுத்து 1200-க்குத் தாவிவிடும். ஜப்பான் உள்ளூர்ச் செட்டு 100 வோல்ட், பழசாக இருந்தால் எஃப்எம் 90-ஓடு முடிந்துவிடும். 93.5 சூரியன் எஃப்எம் வராது.

போட்டுப் பார்க்கும்போது: சுவிட்ச் போட்டு மூன்று நான்கு விநாடியில் உள்ளே ரிலே ஒட்டுகிற சத்தம் வர வேண்டும். ஸ்பீக்கர் மாட்டும் முன், பாட்டு ஓடாமல், வெளியீட்டு முனையில் மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வையுங்கள். 50-க்குள் இருந்தால் சரி. 100-ஐத் தாண்டினால் அந்தச் செட்டை விட்டுவிடுங்கள், உள்ளே ஏதோ கோளாறு, அந்த டிசி இன்னும் ஏறினால் வூஃபர் காயிலைச் சூடாக்கும். வால்யூமைத் திருகும்போது கரகரவென்றால் பயம் இல்லை, காண்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முறை திருகினால் போய்விடும். ஒரு பக்கம் மட்டும் விட்டுவிட்டு வந்தால் பெரும்பாலும் ரிலே முனை கருத்திருக்கும்.

பழைய ஸ்பீக்கர் வேண்டாம். கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ஸ்பாஞ்சாக இருந்தால், விரல் வைத்தாலே தூளாக உதிரும். ரப்பர் வளையம் தாங்கும்.

ஜூன் 16

ரிசீவரே வேண்டாம் என்றால் உள்ளங்கை அளவு டி வகை ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. அட்டையில் 100 வாட் என்பார்கள். அடாப்டர் வோல்ட்டை வர்க்கமாக்கி, ஓமின் இரு மடங்கால் வகுத்துப் பாருங்கள். 24 வோல்ட், 8 ஓம்: 576-ஐ 16-ஆல் வகுத்தால் 36 வாட். 19 வோல்ட் லேப்டாப் அடாப்டர் என்றால் 22. இந்த அறைக்கு இதுவும் தாங்கும். ரேடியோ வேண்டும் என்பவர்களுக்குத்தான் ரிசீவர்.

ஜூன் 23

கடையில் காட்டுகிற டெமோ பாட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். நன்றாகத் தெரிந்த மூன்றைக் கொண்டு போங்கள். தனிக் குரல் ஒன்று: ச, ஷ ஒலிகள் சீறினால் ட்வீட்டர் (மேல்தொனி தரும் சின்ன ஸ்பீக்கர்) தூக்கல். நாதஸ்வரம் ஒன்று: மேல் சுரம் காதைக் குத்தினால் அரை மணி நேரம் கேட்க முடியாது. மூன்றாவது வில்லுப்பாட்டு. உடுக்கையின் கிடுகிடுப்பு, வில்லுமணி, குடத்தின் வாயில் விழும் அடி, மூன்றும் வேறு வேறாகப் பிரிந்து கேட்க வேண்டும். குடம் வெறும் 'தொம்' என்று வந்தால் பெட்டி அதிர்கிறது என்று அர்த்தம். பக்கப் பலகையை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். மரக்கதவு போல் ஒலிக்க வேண்டும், அட்டைப்பெட்டி போல் அல்ல.

இரண்டு வகை ஸ்பீக்கரை மாற்றி மாற்றிக் கேட்கும்போது சத்தம் சமமாக இருக்க வேண்டும். கொஞ்சம் கூடுதல் சத்தமாக வருவதுதான் எப்போதும் நல்லதாகத் தோன்றும்.

ஜூன் 30

ஒயர். 1.5 சதுர எம்எம் செம்பு வீட்டு ஒயர் போதும், சிவப்பு ஒன்று கறுப்பு ஒன்று, முறுக்கிக்கொள்ளலாம். 5 மீட்டர் தூரத்துக்குப் போக வர 10 மீட்டர், தடை 0.12 ஓம். 8 ஓமில் அது ஒன்றரை சதவீதம். செம்பு பூசிய அலுமினிய ஒயரை ஏமாந்து வாங்கிவிடாதீர்கள். நுனியைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும்.

ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு, கறுப்பு மாறிவிட்டால் அடித்தொனி காணாமல் போகும், குரல் நடுவில் நிற்காது. சந்தேகம் என்றால் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொடுங்கள். பிளஸ் சிவப்பில் பட்டால் கூம்பு முன்னால் வர வேண்டும்.

ஜூலை 7

வைக்கும் இடம். 10 அடிச் சுவர் பக்கம், சுவரிலிருந்து 2 அடி தள்ளி, இரண்டுக்கும் நடுவே 6 அடி. கேட்பவர் அகலத்தின் சரி நடுவில். அங்கே அகலத்தின் 57 அடங்கிவிடும். பின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் 41 வீங்கும். 5 அடி முன்னால் வர வேண்டும். உயரத்தின் 57 மிஞ்சும், அதற்குத்தான் மூடிய பெட்டி.

ஸ்டாண்டு 24 அங்குலம் என்பது சோபாவுக்கு. தரையில் பாய் போட்டு உட்கார்ந்தால் காது 75 சென்டிமீட்டரில் இருக்கும். 18 அங்குல ஸ்டாண்டில் ட்வீட்டர் அங்கே வரும்.

ஜூலை 14

காற்றுக் காலம், தூசி. ரிசீவருக்கு மேலே 10 சென்டிமீட்டர் வெளி விடுங்கள். துணி போட்டு மூடுவது அணைத்துச் சூடு ஆறிய பிறகுதான். துளையுள்ள பெட்டியில் பல்லி நுழையும், கொசுவலைத் துண்டை உள்ளிருந்து ஒட்டினால் போதும். ஐப்பசி இடியில் பிளக்கோடு எஃப்எம் ஏரியல் ஒயரையும் பிடுங்கி வையுங்கள்.