அடுத்த வசனம்

நம் பள்ளியின் விளையாட்டுக் கூடச் சுவரில் நீல எழுத்தில் இருந்த வசனம் பலருக்கு இன்னும் மனப்பாடமாக இருக்கும். "விழித்திருங்கள், விசுவாசத்திலே நிலைத்திருங்கள், புருஷராயிருங்கள், திடன்கொள்ளுங்கள்." 1 கொரிந்தியர் 16:13. அதில் "புருஷராயிருங்கள்" என்ற சொல்லை மட்டும் யாரோ பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். முழங்கால் சிராய்த்து விழுந்தவனுக்கும், வீட்டு நினைவில் கண் கலங்கியவனுக்கும் மூத்த மாணவர்கள் அந்தச் சுவரைத்தான் காட்டுவார்கள்.

12 வயதில் விடுதியில் சேர்ந்தேன். ஒரு மாதத்தில் அழாமலிருக்கப் பழகினேன். அடுத்த ஆண்டே பிறரை அழவைக்கவும் பழகிவிட்டேன். அதுதான் ஆண்மை என்று உறுதியாக நம்பியிருந்தேன்.

புதிதாக வந்த ஒரு சிறுவன் இரவில் படுக்கையை நனைத்துவிட்டான். விடிந்ததும் அந்த விரிப்பை எடுத்து, எல்லோரும் போய்வரும் வழியில் கட்டித் தொங்கவிட்டேன். விடுதிக் காப்பாளர் ஐயா என்னை அழைத்தபோது, அடி விழும் என்று உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டே போனேன். அவரோ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, துவைக்கும் கல்லருகே வாளியுடன் நின்றிருந்தார். ஒன்றும் பேசாமல் அவரே விரிப்புக்குச் சவர்க்காரம் போட்டுத் துவைத்தார். அலசியபின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார். அவர் ஒரு பக்கமும் நான் எதிர்ப்பக்கமுமாக முறுக்கினோம். பிழிந்த தண்ணீர் என் முழங்கை வழியாக ஓடிச் சட்டையை நனைத்தது. இளவயதில் குண்டெறிதலில் பரிசுகள் வாங்கியவர் அவர்; அந்தக் கைகளுக்கு ஈடுகொடுத்து என்னால் முனையைப் பிடித்திருக்கவே முடியவில்லை.

"சுவரில் உள்ள வசனம் தெரியுமா, தம்பி?" என்றார். சொன்னேன். "அதற்கு அடுத்தது?" தெரியவில்லை. வேதாகமத்தைக் கொண்டுவரச் சொல்லி என்னையே வாசிக்க வைத்தார். "உங்கள் காரியங்களெல்லாம் அன்போடே செய்யப்படக்கடவது."

"பவுல் இரண்டையும் சேர்த்துத்தான் எழுதினார். சுவரில்தான் இடம் போதவில்லை" என்றார். அதற்குமேல் கண்டிக்கவில்லை.

பின்னாளில் அந்த வசனத்தைத் தேடிப் படித்தேன். "புருஷராயிருங்கள்" என்பதற்குரிய கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் அந்த ஓரிடத்தில் மட்டுமே வருகிறது. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில், யோசுவாவிடம் கர்த்தர் "பலங்கொண்டு திடமனதாயிரு" என்று சொல்லும் இடத்திலும் அதே சொல்தான். பயந்து நிற்கும் மனிதனுக்குக் கொடுக்கப்பட்ட தைரியம் அது. பலவீனனை மிரட்டுவதற்கான அனுமதி அதில் எங்கும் இல்லை.

மிஷன் பள்ளிகளில் விளையாட்டுக்கு அத்தனை முக்கியத்துவம் வந்த கதையையும் அப்போதுதான் அறிந்தேன். 1850களில் இங்கிலாந்தில், உடல் வலிமையும் விசுவாசமும் சேர்ந்தே வளர வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1844ல் லண்டனில் தொடங்கிய கிறிஸ்தவ இளைஞர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ. அதை உலகெங்கும் கொண்டுபோனது. 1891ல் கூடைப்பந்தாட்டம் பிறந்ததும் அதன் பயிற்சிப் பள்ளியில்தான். அந்த மரபுக்கு நான் நன்றியுள்ளவன். ஆனால் மென்மையைக் கண்டு கூசும் பழக்கமும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது என்பது என் எண்ணம்.

ஐயாவிடம் அந்தக் கூச்சம் இல்லை. ஒருமுறை, நாங்கள் செய்யாத தவறுக்கு விடுதி முழுவதையும் அவர் தண்டித்துவிட்டார். மறுநாள் மாலை ஜெபத்தில், பாட்டுத் தொடங்குமுன் எழுந்து நின்றார். "நேற்று விசாரிக்காமல் தண்டித்தேன். அது என் தவறு. உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்" என்றார். சிறுவர்களிடம் ஒரு பெரியவர் மன்னிப்புக் கேட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. அன்று முதல் விடுதியில் அவர் சொல்லுக்கு மதிப்பு ஏறியதே தவிர இறங்கவில்லை.

யோவான் சுவிசேஷம் 13ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் அவர் முகம்தான் வருகிறது. பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்தார் என்று அறிந்தே இயேசு எழுந்து சீலையை எடுத்து அரையில் கட்டிக்கொள்கிறார். எல்லா அதிகாரமும் வந்துசேர்ந்த கைகள் அடுத்து எட்டிப் பிடித்தது சீஷர்களின் அழுக்குக் கால்களை. தேவாலயத்தில் காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்த்தவரும், லாசருவின் கல்லறையருகே கண்ணீர் விட்டவரும் அவரே. இவற்றில் ஒன்றை மட்டும் பிய்த்தெடுத்து, இதுதான் ஆண் என்று சுவரில் எழுத நமக்கு உரிமை இல்லை.

குடும்பத்திலும் நாம் இதையேதான் செய்கிறோம். எபேசியர் 5:22ஐ, மனைவிகள் கீழ்ப்படிய வேண்டும் என்பதை, ஆண்கள் உரக்கச் சொல்லக் கேட்டிருக்கிறேன். "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்று அதற்கு முந்தைய வசனம் சொல்கிறது. கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல மனைவியில் அன்புகூரும்படி 25ஆம் வசனம் கணவனிடம் கேட்கிறது. அடி வாங்கும் பெண்ணிடம் "பொறுத்துக்கொள், ஜெபம் செய்" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறவர்கள் வேதத்தின் பேரால் அதைச் சொல்லக் கூடாது. மனைவியைக் கனம்பண்ணாதவனின் ஜெபத்துக்கே தடை வரும் என்று பேதுரு எச்சரித்திருக்கிறார். இதை நம் மகன்களுக்கு வெளிப்படையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவர்கள் நம்மைப் பார்த்துத் தவறாகக் கற்றுக்கொள்வதற்கு முன்பே.

சென்ற ஆண்டு நம் பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் முடிந்து எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மேடையிலிருந்த நீளமான துணிப் பதாகையை மடிக்க எனக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. வந்து மறுமுனையைப் பிடித்தவர் அந்தச் சிறுவன்தான். இப்போது தலை நரைத்துவிட்டது. அத்தனை ஆண்டுகளாக வாயில் வராததை அன்று சொன்னேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. துணியின் சுருக்கத்தைக் கையால் நீவிக்கொண்டே, "நீங்களும் ஐயாவும் அதைப் பிழிந்ததை நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், அண்ணா" என்றார். பிறகு, "உங்கள் பக்கம் தரையில் படுகிறது, கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள்" என்றார்.